கேள்வியில் பதில் வைக்காதவர்

கவுல்பாளையத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு உரச்சாக்குப் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. அரியலூர் பஸ் இரண்டு என்னைக் கடந்து போய்விட்டன, கை காட்டவில்லை. ஒரு வேலையை விட்டு வரும்போது முதலில் கொஞ்ச தூரம் நடந்துவிடுவது என் வழக்கம். திருப்பூரில் சாயப்பட்டறையை விட்டபோதும் அப்படித்தான், போர்வெல் போடும் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டபோதும் அப்படித்தான். நடக்க நடக்க அந்த இடம் என்னை விட்டுவிடும். அடுத்த ஊர் வருவதற்குள் முதலாளியின் முகம்கூடப் பாதி மறந்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் மறக்கவில்லை. இரண்டு பக்கமும் பருத்தி எடுத்து முடித்த கொல்லைகள், கறுப்பு மண் வெடித்துக் கிடந்தது. பேரளி வரை, விட்டுவந்த இடத்தில் இருந்த மேடத்தின் குரல் கூடவே வந்தது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம், பெரம்பலூருக்கு வெளியே ஒரு கல்லூரியில் எலி வளர்க்கும் அறைக்கு ஆள் தேவை என்று வாட்ச்மேன் ஒருவர் சொல்லிப் போனேன். நான் ஏழாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எண் எழுதுவேன். எலி என்றதும் வயலில் ஓடுகிற சாம்பல் எலியை நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே எல்லாம் வெள்ளை எலி, சிவப்புக் கண், கட்டைவிரல் நீளம். கூண்டு கழுவ வேண்டும், தண்ணீர் பாட்டில் மாற்ற வேண்டும், அரிசி ஆலையிலிருந்து உமி வாங்கி வந்து கூண்டில் பரப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். லப்பைக்குடிக்காட்டுப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். தினமும் முதல் பஸ்ஸில் வருவார். அவருடைய அத்தா இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மகள் டாக்டர் பட்டம் வாங்குவதைப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தார். பட்டத்துக்கான கெடுவைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒரு தடவை நீட்டித்துக் கொடுத்திருந்தது. இன்னொரு தடவை கிடையாது. அந்த மார்ச்சோடு எலி அறையையும் மூடுவதாக இருந்தார்கள். இதெல்லாம் அந்த வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றிப் பேசமாட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஒன்றுதான் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் கேள்வியில் பதில் இருக்காது. நாமெல்லாம் "சாப்ட்டாச்சா?" என்று கேட்போம். "ஆச்சு" என்று எதிரே இருப்பவர் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. அவர் "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பார். ஒன்றும் சாப்பிடாத நாளில் அதற்குச் சும்மா ஒரு பதில் சொல்ல வராது.

சேர்ந்த முதல் வாரம் ஒரு எலி என் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. விரல் வீங்கிப் பழுத்தது. பார்த்தவர்கள் எல்லோரும் "இப்ப பரவால்லதானே?" என்று கேட்டார்கள். நானும் பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "விரல் எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டுவிட்டு நின்றார். பதில் வரும்வரை நிற்பது அவர் பழக்கம். "ராத்திரி தூங்க முடியல மேடம்" என்றேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஊசி போட வைத்தார்.

ஆபீஸ் கிளார்க் ஒருவருக்கு அவரைக் கண்டால் ஆகாது. "அந்தப் பொண்ணு எதையும் நம்பாதுய்யா. தன் மூஞ்சியில மூக்கு இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் கண்ணாடி மாட்டும்" என்பார். அது தப்பு. அவர் மற்றவர்களை நன்றாக நம்பினார். நம்பாதது தன்னை மட்டும்தான்.

ஒருநாள் மதியம் இரண்டு டப்பாவில் பிரியாணி கொண்டுவந்தார். "ஒண்ணு எங்கம்மா ஆக்குனது, ஒண்ணு எங்க அண்ணி ஆக்குனது. எது யாருதுன்னு சொல்லுங்க" என்றார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் இரண்டிலும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "சந்தேகமே இல்லம்மா, இடது டப்பாதான் பெரியவங்க கை" என்றார். கிளார்க் இன்னும் ஒரு படி மேலே போய், "வலதுல உப்பு ஒரு கல்லு தூக்கல். வந்த மருமக, கை நடுங்கியிருக்கு" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நாக்கு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

எல்லோரும் கை கழுவியபிறகு அவர் சொன்னார்: "ரெண்டும் ஒரே சட்டி சார். அண்ணி ஊர்லயே இல்ல, அவங்கம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க."

பேராசிரியர் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. கிளார்க், "உப்பு தூக்கல்தான், அதுல மாத்தமில்ல" என்று கடைசிவரை நின்றார். எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. டப்பாவைக் கழுவும்போது அவர் என்னிடம் சொன்னது. "காலையில நான்தான் பிரிச்சு வச்சேன். ருசி பாத்தா எனக்கே இடது டப்பா நல்லா இருந்துச்சுண்ணே. அதான் பயமா இருக்கு."

அவர் ஆராய்ச்சிக்கு வேண்டிய மருந்து வந்தது பிப்ரவரியில். மருந்து என்று நான்தான் சொல்கிறேன், அவர் புரதம் என்பார். வெளிநாட்டிலிருந்து வந்து திருச்சி கூரியர் ஆபீசில் கிடந்தது. போன வருஷம் இதே மாதிரி ஒன்று வந்து, வழியில் எங்கேயோ வெயிலில் கிடந்து கெட்டுப்போயிருந்தது. வாங்கியது இரண்டுதான், இது கடைசி. பெட்டி தூக்க என்னையும் அழைத்துப் போனார். தெர்மாகோல் பெட்டி, திறந்தால் புகைகிற ஐஸ். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நான் முந்திக்கொண்டு கண்டக்டரிடம், "பெரம்பலூர் போகும்ல?" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஏறிவிட்டோம். அந்த பஸ் ஊருக்குள் போகாது. நாலு ரோட்டில் இறக்கிவிட்டு நேராகச் சென்னைக்குப் போய்விட்டது. உச்சி வெயிலில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கண்டக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"அவர் பொய் சொல்லலண்ணே. நீங்க கேட்டதுக்கு ஆமான்னார். 'இந்த பஸ் எங்க எங்க நிக்கும்'னு கேட்டிருந்தா அவரே பைபாஸ்னு சொல்லியிருப்பார்" என்றார். தன் துப்பட்டாவின் முனையை எடுத்துப் பெட்டியின் மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார்.

அறைக்கு வந்து பெட்டியைப் பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் ஒன்றுமே இல்லை. காலிக் குப்பியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"உள்ள என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்களே மேடம்."

"எனக்கும் தெரியல. ஆனா இருக்கு. கண்ணாடியில பூச்சு மாதிரி ஒட்டியிருக்கும்."

குப்பியை ஒரு சுழலும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினார். மூடியில் ஒட்டியிருந்தால் கீழே வந்துவிடுமாம். பிறகு சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினார். குலுக்கினால் நுரைத்துக் கெட்டுவிடும் என்றார். உருட்டிக்கொண்டே எனக்கு அது என்னவென்றும் சொன்னார். உடம்பில் எங்கேயாவது புண்ணோ நோயோ வந்தால் அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புமாம். 'வீங்கு' என்பது ஒரு சேதி. அதைக் கேட்பதற்கு அணுவின் மேல் ஒரு காது இருக்கிறது. அந்தக் காதை மட்டும் தனியாகச் செய்து இந்தக் குப்பியில் அனுப்பியிருக்கிறார்கள். ரத்தத்தில் விட்டால் அது சேதியை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். அணுவுக்குச் சேதி போய்ச் சேராது. வீக்கம் அடங்க வேண்டும்.

"எலியோட காதா மேடம்?"

"எலியோடதுதான். ஆனா எலியில இருந்து எடுக்கல. அதைச் செய்யற குறிப்பை வேற ஒரு அணுவுக்குள்ள வச்சு, அதைச் செய்ய வைக்கறாங்க. எந்த எலியும் இதுக்காகச் சாகல."

"வீக்கம் அடங்கிருமா?"

"ஆரம்பத்துலயே நிறைய கொடுத்தா அடங்கும்னு வேற ஊர்ல பாத்திருக்காங்க. வீங்கி நாளான காலுக்கு, இவ்வளவு கொஞ்சம் போதுமா? அது தெரியாது. அதுதான் என் கேள்வி."

எட்டுக் கூண்டுகளில் ஆராய்ச்சிக்காகக் கால் வீங்க வைத்த எலிகள் இருந்தன. நாலு கூண்டுக்குப் புரதம், நாலு கூண்டுக்குச் சும்மா திரவம். இரண்டும் பார்ப்பதற்குத் தண்ணீர்தான். எது எந்தக் கூண்டுக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியக்கூடாது என்றார். ஊசி போடப்போவதும் அவர்தான், தினமும் காலின் கனத்தை அளக்கப்போவதும் அவர்தான். "தெரிஞ்சா என் கண்ணு ஆசைப்படும். ஒரு மயிரிழை குறைச்சு அளந்துரும். எனக்கே தெரியாம நடக்கும்ணே."

அதனால் அவர் இரண்டையும் நாலு நாலு குழாய்களில் பிரித்து வைத்துவிட்டு வெளியே போய்விட, நான் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப்போட்டு எடுத்து, அதன்படி குழாய்களுக்குக் கூண்டு எண் ஒட்டினேன். எந்த எண்ணில் என்ன என்று ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். உறை பேராசிரியரின் பீரோவுக்குப் போனது. ஏழாவது படித்தவனிடம் அப்படி ஒரு ரகசியத்தை யாரும் கொடுத்ததில்லை. உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அவர் அதற்கு மேலும் காவல் போட்டார். அளக்கும்போது நான் உள்ளே இருக்கக்கூடாது. "உங்க முகம் சொல்லிரும், வெளிய நில்லுங்க." எண்களை நான் எழுதக்கூடாது, அவரே அளந்து அவரே எழுதினார். எலியைப் பிடித்துக் கொடுக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. நான் வெளியே வராந்தாவில் நின்று, அளந்து முடித்து வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். அதில் ஒன்றும் தெரியாது.

இரண்டு வாரம் அப்படிப் போனது. அந்த இரண்டு வாரமும் வேலை செய்வது எனக்குப் பிடித்திருந்தது. முன்பு எந்த வேலையையும் பற்றி நான் அப்படிச் சொன்னதில்லை.

உறையைப் பேராசிரியர் அறையில் பிரித்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், கையெழுத்து என்னுடையது என்பதால். தாளையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். புரதம் போன நாலு கூண்டிலும் வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. மற்ற நாலில் அப்படியே இருந்தது. பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். "முடிஞ்சுதும்மா. எழுது. உக்காந்து எழுதி முடி. அத்தாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிரு." அவர் போன் பண்ணவில்லை. ஆனால் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு எலி அறைக்கு வந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். என்ன செய்தோம் என்பதை முழுக்க எழுத வேண்டுமாம்: ஊசி, அளவு, தீனி, தண்ணீர், எல்லாம்.

"அண்ணே, இந்த ரெண்டு வாரமும் கூண்டுகளை எப்படிப் பாத்துக்கிட்டீங்க? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

வேறு யாராக இருந்தாலும் "எல்லாத்தையும் ஒரே மாதிரிதானே பாத்துக்கிட்டீங்க?" என்று கேட்டிருப்பார்கள். நான் "ஆமா" என்று சொல்லியிருப்பேன். அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது. அவர் பட்டம் வாங்கியிருப்பார்.

அவர் அப்படிக் கேட்காததால் நான் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். வழக்கம்போல மூன்று நாளைக்கு ஒரு தரம் உமி மாற்றினேன். ஆனால் அந்த நாலு கூண்டுக்கு மட்டும் தினமும் மாற்றினேன். உமியில் குத்துகிற நொய், சக்கை எல்லாம் சல்லடையில் சலித்து எடுத்துவிட்டு, வெயிலில் காயவைத்து, மெத்தென்று இரண்டு பங்காகப் போட்டேன். வீங்கின கால் அல்லவா, ஈரத்தில் படக்கூடாது.

அவர் பேனா எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"எந்த நாலு?"

எண்களைச் சொன்னேன். எழுதினார்.

"மத்த நாலு கூண்டு?"

"அதுக்கு எப்பவும் போலதான் மேடம். கொற வைக்கல."

"ஏன்ணே?"

"அது உங்க மருந்து போன கூண்டுங்கல்ல மேடம்."

அறையில் எலிகள் தண்ணீர் பாட்டிலை நக்கும் சத்தம் கேட்டது. அவர் நோட்டை மூடவில்லை. எழுதியதையே பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை.

"மருந்துதான் மேடம் வேலை செஞ்சிருக்கும்."

"இருக்கலாம்ணே."

"உமியில போய் வீக்கம் வடியுமா?"

"தெரியல. இனிமே அதைப் பிரிக்க முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "ரகசியமும் உங்ககிட்ட, கூண்டும் உங்ககிட்ட. அப்படி வச்சது நான். என் ஆசையை எல்லாம் கட்டிப்போட்டேன், உங்களுக்கு ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

மறுநாள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உன்னை யாருய்யா எலியைச் சீராட்டச் சொன்னது? பிரசவம் பாத்தியா?" என்று கத்தினார். பிறகு அவர் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "ஏம்மா, எல்லாக் கூண்டையும் ஒரே மாதிரி பராமரிச்சதுன்னு ஒரு வரி எழுதிரு. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. யாரு வந்து உமியைக் கேக்கப்போறா?" என்றார்.

"நான் கேட்டுட்டேனே சார்" என்றார் அவர்.

"கேக்காம இருந்திருந்தா?"

"கேட்டுட்டேனே."

பேராசிரியர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். மோசமான மனிதர் இல்லை. ஆறு வருஷம் அவரும் கூடவே இருந்தவர். "அத்தாகிட்ட என்னம்மா சொல்லப்போற?" என்று கேட்டார்.

"நடந்ததைச் சொல்லுவேன் சார். அவருக்கு உமி புரியும். கொஞ்ச நாள் கோழிப்பண்ணை வச்சிருந்தாரு."

நோட்டில் அவர் எழுதியதைப் பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தேன். இங்கிலீஷ். நாலு எண்கள் தெரிந்தன. என் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. மார்ச் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது, இருந்திருக்கலாம். மூன்று நாள் இருந்தேன். எட்டுக் கூண்டுக்கும் ஒரே மாதிரி உமி போட்டேன். நாலாம் நாள் காலையில் முதல் பஸ்ஸில் வந்தவர் நேராக என்னிடம் வந்து, "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேட்டுவிட்டு நின்றார். பதிலுக்காக நின்றார். அவர் கண் சிவந்திருந்தது, இரண்டு நாளாகத் தூங்காதது போல. பரவாயில்லை என்று சொல்ல அந்தக் கேள்வி இடம் தரவில்லை. உள்ளதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"போறேன் மேடம்" என்றேன்.

"எங்க போவீங்க?"

"அரியலூர்."

"அங்க என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம்."

தலையசைத்தார். சாப்பாட்டு டப்பாவை எடுத்து என் பையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "டப்பாவை வச்சுக்குங்க" என்றார். பிறகு உள்ளே போய், நான் கழுவாமல் விட்டிருந்த தண்ணீர் பாட்டில்களை அவரே கழுவ ஆரம்பித்தார். வெளிவாசல் வரை அந்தச் சத்தம் கேட்டது.

அவர் அப்புறம் பட்டம் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. லப்பைக்குடிக்காட்டு ஆட்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. எப்படிக் கேட்டாலும் அதில் எனக்கு வேண்டிய பதில் இருந்துவிடும்.

பேரளியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். அதற்கப்புறம் வந்த பஸ்ஸை நிறுத்தி ஏறினேன். அன்று அரியலூர் ஸ்டேஷனில் படுத்துக்கொண்டேன். அந்த ஊர் மாவட்டமாகி, பிறகு இல்லையென்றாகி, மறுபடி எப்போது ஆகும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த காலம். காலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் வரிசையாக நின்ற இடத்துக்குப் போனேன். ஒரு டிரைவர், கிளீனர் வராததால் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார்.

"முன்ன எங்கய்யா இருந்த?"

"எலி பாத்துக்கிட்டிருந்தேன்."

"எலியவா?" பக்கத்து லாரிக்காரர் காதிலும் விழும்படி சிரித்தார். "அந்த வேலைய ஏன் வுட்டுட்ட?"

"நல்லாப் பாத்துக்கிட்டேன்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழந்துணியை இழுத்து என்மேல் எறிந்தார். "சரி, கண்ணாடியத் தொடச்சு வுடு. ஏழு மணிக்கு லோடு."

ஏறி நின்று துடைத்தேன். வெள்ளைத் தூசி, ஈரத்துணி பட்டதும் சேறாக இழுபட்டது. மூன்றாவது தடவைதான் ரோடு தெரிந்தது.